ஈசானிய மூலை மொச்சை

மழை வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்ட ஆள் அந்த வருஷம் திருவண்ணாமலையில் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. நானும் அண்ணாந்துதான் பார்த்தேன், ஆனால் எனக்கு வேறு பயம். மலைக்கு மேலே ஒரு துண்டு மேகம் கறுத்தால் போதும், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து நின்றுவிடுவேன். நான் குடியிருந்தது ஊருக்குள்ளே ஒரு பாய் வீட்டு மாடியில். தலைமுறை தலைமுறையாகப் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பம் அது. வீட்டுக்காரம்மா துணி காயப்போட மாடிக்கு வரும்போதெல்லாம் நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேற்கே பார்த்து நிற்பேன். "இன்னாம்மா, எல்லாரும் மழைக்கு துவா கேக்குறாங்க, நீ மட்டும் வானத்தை மொறச்சிகினு நிக்கிறே?" என்று கேட்டார் ஒருநாள். "ஒரு மாசம், ஒரே ஒரு மாசம் வராம இருந்தா போதும்மா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு கீழே ஓடிவிட்டேன்.

பைத்தியமெல்லாம் இல்லை. என் பிழைப்பு அப்படி. எண்பதுகள் தொடங்கியிருந்த நேரம். விவசாயம் படித்துவிட்டு, மானாவாரி நிலத்துக்கு ஏற்ற மொச்சை ரகத்தை உருவாக்குகிற ஒரு சின்னத் திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மொச்சை என்றால் பொங்கல் குழம்பில் போடுகிற அதே மொச்சைதான். எங்கள் பக்கத்தில் மல்லாட்டைக் கொல்லையில் ஊடே நாலைந்து சால் மொச்சை விடுவார்கள். கொல்லை என்று நாங்கள் சொல்வது மேட்டு நிலத்தை, மல்லாட்டை என்பது வேர்க்கடலையை. அது கைவிட்டாலும் இது கைகொடுக்கும் என்று ஒரு நம்பிக்கை.

ஆனால் நாட்டு மொச்சைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆடியில் விதைத்தாலும் அது பாட்டுக்குக் கொடியாக ஓடிக்கொண்டே இருக்கும். மழை இல்லையென்றாலும் சாகாது. ஆனால் மார்கழிப் பனி விழுந்தால்தான் பூ வைக்கும். காய் கைக்கு வரும்போது தை பிறந்துவிடும். இன்னொரு சாதி இருக்கிறது, குத்துச்செடி மொச்சை. குட்டையாக நிற்கும், பனிக்குக் காத்திருக்காது, புரட்டாசியிலேயே காய்த்துவிடும். ஆனால் ஒரு வாரம் தண்ணீர் தவறினால் தலையைத் தொங்கப் போட்டுவிடும். இந்த ரெண்டுக்கும் கல்யாணம் பண்ணி வைத்து, இதன் அவசரமும் அதன் நெஞ்சழுத்தமும் சேர்ந்த ஒரு பிள்ளையைப் பெற வைப்பதுதான் என் வேலை. சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. சாயங்காலம் மொட்டைப் பிரித்து உள்ளே இருக்கிற மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்து, மறுநாள் காலையில் மற்றதன் மகரந்தத்தைத் தடவி, மேலே காகிதப் பையை மாட்டி வைத்தால், முக்கால்வாசிப் பூ உதிர்ந்து கீழே கிடக்கும். உட்கார்ந்து அழலாம் போல இருக்கும். பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கம்மி. இந்த வேலைக்கு என்னை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று நானே பல தடவை யோசித்திருக்கிறேன்.

மூன்று வருஷம் இப்படிப் போன பிறகு, வறட்சியில் வைத்துப் பார்க்க வேண்டிய கட்டம் வந்தது. எங்கள் ஆபீஸ் நிலம் வேங்கிக்கால் பக்கம். இப்போது இருக்கிற கட்டடங்கள் எதுவும் அப்போது கிடையாது, ஏரியும் கழனியும்தான். கையால் தோண்டினாலே ஈரம் தெரியும். அந்த மண்ணில் எந்தச் செடி வாடப் போகிறது? அதனால் அடி அண்ணாமலையில், மலை சுற்றுகிற பாதையை ஒட்டி, செம்மண் சரளையாக ஒரு துண்டு நிலத்தைப் பிடித்தோம். புருஷன், பெண்டாட்டி ரெண்டு பேர்தான் அந்தக் கொல்லைக்குச் சொந்தக்காரர்கள். மீதி நிலத்தில் அவர்கள் மல்லாட்டை போட்டிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். நான் அக்கா என்று கூப்பிட்டேன். என்னை அவர் 'ஆபீசரம்மா' என்று கூப்பிட்டார், அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல்.

நிலத்தைக் கொடுக்கும்போதே எதற்காகக் கொடுக்கிறார் என்று பட்டென்று சொல்லிவிட்டார். "பனிக்குக் காய்க்கிற சனியனை நாங்களே வெச்சிருக்கோம்மா. புரட்டாசியில காய்க்கிற மாதிரி, தண்ணி கேக்காத மாதிரி ஒண்ணு குடுங்க. மல்லாட்டை போனா போவுது, அதை வித்து ஒப்பேத்திக்கலாம். தையில காய்ச்சு இன்னா பிரயோஜனம்? அதுக்குள்ள இவரு மூட்டையைக் கட்டிகினு பெங்களூருக்கு மண்ணு சுமக்கப் போயிடறாரு."

புருஷன்காரர் பக்கத்தில் நின்று சிரித்தார். அதிகம் பேசாத மனிதர். வானம் பொய்த்த வருஷமெல்லாம் புரட்டாசி வரைக்கும் பார்ப்பார், ஒன்றும் தேறாது என்று தெரிந்தால் கிளம்பிவிடுவார், பொங்கலுக்குத்தான் முகத்தைக் காட்டுவார். போன பொங்கலுக்கு வந்தபோது வலது கை விரல் ஒன்று நசுங்கிப்போய் வந்திருந்தார். "போறப்ப பத்து வெரலோட போனாரு" என்றார் அக்கா. அதைச் சொல்லும்போது மட்டும் குரலில் கிண்டல் இல்லை.

நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். வானத்திலிருந்து விழுகிறது விழட்டும், கிணற்றிலிருந்து என் செடிகளுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போகக் கூடாது. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாடுனா?"

"வாடட்டும்க்கா. எது வாடுது, எது வாடலன்னு பாக்கத்தானே வெக்கிறேன். தண்ணி ஊத்துனா எல்லாமே நல்ல புள்ளையா நிக்கும்."

"பச்சப் புள்ளைங்களைப் பட்டினி போட்டு எது தாங்குதுன்னு பாக்குற மாதிரி இருக்குதும்மா. பாவம் இல்லையா?"

"பாவம்தான். எம்மேலயே வரட்டும். செடிக்கு ஊத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

செய்தார். செடிக்கு ஊத்த மாட்டேன் என்று என் உள்ளங்கையில் அடித்தே சத்தியம் செய்தார். பிறகு, எந்த விதைப்புக்கும் செய்கிற மாதிரி, ஈசானிய மூலையில் வேப்ப மரத்தடியில் இருந்த சின்னக் கல் பிள்ளையாருக்கு அருகம்புல் சாத்தி, வடகிழக்கு மூலையிலிருந்தே முதல் விதையைப் போட வைத்தார். ஒரு செடியின் விதைக்கு ஒரு வரிசை. விதை அவ்வளவுதான் இருந்தது, இன்னொரு இடத்தில் அதையே போட்டு ஒத்துப் பார்க்க வழியில்லை.

ஆடியில் ஒரு மழை பெய்தது, எல்லாம் முளைத்தது. அதற்குப் பிறகு வானம் துடைத்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

அந்த ஆவணி மாதம் முழுக்க எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. காலையில் எட்டு மணிக்கு ஒரு தடவை, உச்சி வெயிலில் ஒரு தடவை சைக்கிள் மிதித்தேன். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டும்போது, எங்கிருந்தோ வந்த வெள்ளைக்காரர்கள் மரத்தடியில் கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். மனதை அடக்க இத்தனை தூரம் வந்திருக்கிறார்களே என்று இருக்கும். என் மனம் எனக்கு முன்னாலேயே போய் மொச்சை வரிசையில் நின்றுகொண்டிருக்கும். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் புண். எங்கள் திட்டத்துக்குத் தலைவராக இருந்த சார், "வீட்டுக்குப் போம்மா, நீ பாத்துகினே இருந்தா செடி வெக்கப்படுது" என்பார். அவர் நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் உள்ளுக்குள் உதறல்தான். இந்த வருஷம் ஒரு வரிசையாவது தேறவில்லை என்றால் திட்டத்தை மூடிவிடுவதாக மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

ஒருநாள் உச்சிப் பொழுதில் அடி அண்ணாமலைத் தெருவில் திரும்புகிறேன், ஒரே ஒப்பாரி. யாரோ செத்துவிட்டார்கள் என்று பதறி இறங்கினேன். பார்த்தால் கொடும்பாவி. மழை பெய்யாத ஊரில் பெரும் பாவி ஒருத்தர் இருப்பதாகக் கணக்கு. அந்தப் பாவிக்கு வைக்கோலில் உருவம் கட்டி, தெருத்தெருவாகத் தரையில் இழுத்துக்கொண்டு போய், பெண்கள் மாரடித்து அழுது, ஊர் எல்லையில் கொளுத்திவிட்டால் மழை வரும். அழுகிற கூட்டத்தில் முன்வரிசையில் என் அக்கா தலைவிரி கோலமாக நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தாமலே பக்கத்தில் வந்தார். "பாவி யாருன்னு ஊர்ல கேட்டுகினு இருக்காங்கம்மா. நான் வாயைத் தொறக்கல" என்று காதோடு சொல்லிவிட்டு மறுபடி மாரடிக்கப் போய்விட்டார். கிண்டல்தான். ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தப் பொம்மையின் வைக்கோல் கால் என் சைக்கிள் சக்கரத்தை உரசிக்கொண்டு போனபோது உடம்பு கூசிப்போயிற்று.

கொளுத்தியும் மழை வரவில்லை. அவர்களுடைய மல்லாட்டை மஞ்சள் பாரித்தது. கிணற்றில் பம்ப் செட் போட்டால் கொஞ்ச நேரம் ஓடிவிட்டுக் காற்றைக் கக்கியது. அந்தக் கொஞ்சத் தண்ணீரையும் என் வரிசைகளுக்கு அந்தப் பக்கமாகத்தான் பாய்ச்சினார்கள். என் மொச்சை வரிசைகள் ஒவ்வொன்றாகச் சுருண்டன. பகலில் இலையை மடக்கி, சாயங்காலம் விரித்து, அப்புறம் சாயங்காலமும் விரிக்காமல், அடி இலை உதிர்ந்து குச்சியாக நின்றன.

ஒரே ஒரு வரிசையைத் தவிர.

ஈசானிய மூலையில் இருந்த அந்த முதல் வரிசை உச்சி வெயிலிலும் இலையை மடக்கவில்லை. நான் முதலில் நம்பவில்லை. இலையைத் தொட்டுப் பார்த்தேன், பக்கத்து வரிசை மொரமொரவென்றிருக்க இது குளிர்ச்சியாக இருந்தது. அடுத்த வாரம் பூ வைத்தது. பனி இல்லை, மழை இல்லை, ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூ! நான் நடு வெயிலில், பார்க்க ஆளில்லாத தைரியத்தில், வேப்ப மரத்தைச் சுற்றி ஒரு ஆட்டம் போட்டேன். சாயங்காலம் ஆபீசில் சாரிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் மறுநாளே வந்து பார்த்தார். குனிந்து, நிமிர்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி குனிந்தார். "கெட்டிக்காரி" என்று செடியிடம் சொன்னாரா என்னிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. மேலிடத்துக்கும் சேதி சொல்லிவிட்டார். காய் பிடித்ததும் முறையாகத் தேர்வு செய்ய நாள் குறித்தார். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இதுதான்க்கா. இதைத்தான் நீங்க கேட்டீங்க" என்றேன். அக்கா புருஷனைத் திரும்பிப் பார்த்தார். அவர் முதல் தடவையாக என்னிடம் வாயைத் திறந்து, "எவ்ளோ வெதை தேறும்மா?" என்று கேட்டார்.

தேர்வுக்குக் குறித்த நாளன்று எனக்கு விடியும் முன்பே விழிப்பு வந்துவிட்டது. எட்டு மணிவரைக்கும் எப்படி உட்கார்ந்திருப்பது? கிளம்பிவிட்டேன். கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தபோது கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. வரப்பில் அக்கா நடந்து வந்துகொண்டிருந்தார், ஈரப் புடவை, இடுப்பில் குடம். நேரே வேப்ப மரத்தடிக்குப் போனார். குடத்தைத் தூக்கிப் பிள்ளையார் தலையில் முழுவதுமாகக் கவிழ்த்தார்.

நான் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்காயெல்லாம் எழும்பிவிட்டன. "அக்கா! இன்னா பண்றீங்க?"

"அய்யோ, பயந்தே போயிட்டேன். இன்னாம்மா இந்நேரத்துக்கு?"

"ஊத்தாதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனேக்கா!"

"செடிக்கு யாரு ஊத்துனா? சாமிக்கில்ல ஊத்துறேன்! புள்ளையாரு தலையில ஊத்திகினே இருந்தா, மூச்சு முட்டி, மழையைக் கொண்டாந்துடுவாரு. எங்கூருல எப்பவும் பண்றதுதான். செடிப் பக்கம் ஒரு சொட்டு போவல, சத்தியமா."

"எத்தினி நாளா?"

"கொடும்பாவி கொளுத்துன மறுநாள்ல இருந்து. குடிக்க வெச்சிருக்கிற தண்ணியிலதாம்மா ஊத்துறேன்."

நான் பிள்ளையாருக்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன். ஊற்றிய தண்ணீர் தேங்கவே இல்லை. மரத்து வேருக்கடியில் ஒரு எலி வளை. மொத்தத் தண்ணீரும் அதற்குள் இறங்கி வரப்புக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. முதல் வரிசையில் கையால் மண்ணைப் பறித்தேன். மேலே காய்ந்த பொடி, ஒரு சாண் கீழே சேறு. நான் வருவதற்குள் வெயில் மேல்மண்ணைக் காய வைத்துவிடும். ஒரு மாதமாக நான் சாமி தீர்த்தத்தில் வளர்ந்த செடியைப் பார்த்து ஆட்டம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் பையைத் தூக்கி மல்லாட்டைக்குள் எறிந்தேன். என்னென்னவோ கத்தினேன். மூன்று வருஷம் என்றேன், திட்டம் என்றேன், உங்களுக்கு என்ன தெரியும் என்றேன். அக்கா காலிக் குடத்தோடு அப்படியே நின்றார். நான் கத்தி ஓய்ந்த பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்கு மழை வேணும்மா. உங்களுக்கு வேணாம். ரெண்டு பேரும் ஒரே கொல்லையில நிக்கிறோம். நான் இன்னா பண்றது?"

 மல்லாட்டைக்குள் இறங்கி என் பையைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

சார் வருகிற ஜீப் சத்தம் கேட்கும்வரைக்கும் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று தோன்றாமல் இல்லை. வரிசை பச்சைப் பசேலென்று காய்த்து நிற்கிறது, மண்ணைத் தோண்டிப் பார்க்க யாரும் வரப்போவதில்லை. திட்டம் பிழைக்கும், என் வேலையும் பிழைக்கும். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்த விதை அப்புறம் எங்கே போகும்? கிணறு இல்லாத ஒருத்தர் நம்பி விதைக்கிற நிலத்துக்குப் போகும். சார் இறங்கி வந்ததும், அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் வரப்பில் உட்கார்ந்தார். பிள்ளையார் பக்கம் திரும்பினார். "ஆக, ஒரு மாசமா வறட்சியில தாக்குப் பிடிச்சது இவருதான்னு சொல்லு" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பிறகு எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "அந்த வரிசையை விட்டுடு. மத்ததைப் பாக்கலாம் வா" என்றார்.

மற்றதில் பார்க்க என்ன இருந்தது? குச்சி குச்சியாக நின்றவற்றில் ரெண்டே ரெண்டு வரிசையில்தான் செடிக்கு நாலைந்து காய் ஒட்டிக்கொண்டிருந்தது. குட்டையாக, இலை பொசுங்கி, கண்கொண்டு பார்க்கச் சகிக்காத செடிகள். காயைப் பிதுக்கினால் விதை மிளகைவிடக் கொஞ்சம் பெரிது, கறுப்பாக, சுருங்கிப்போய். "உயிரோட இருக்குல்ல, காயும் வெச்சிருக்குல்ல, அப்ப இதுதான்" என்றார் சார். விதையில் பெரும்பகுதியை அவர் எடுத்துக்கொண்டார். மேலிடத்தில் அதைக் காட்டினாராம். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். திட்டத்தை மூடினார்கள். அந்த விதை எந்த அலமாரியில் போய்ச் சேர்ந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தேர்வு முடிந்த அதே வாரம் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. "பாத்தீங்களா, சாமி கேட்டுடுச்சு!" என்று அக்கா கொல்லையிலிருந்தே கூவினார். மூலை வரிசை அதற்கப்புறம் காய்த்த காய்ப்பைச் சொல்லி மாளாது. வெள்ளையாக, உருண்டு திரண்ட விதை. அக்கா ஒன்று விடாமல் பறித்துச் சாம்பலில் புரட்டிப் பானையில் போட்டு வைத்தார். அந்த வருஷம் அவர் புருஷன் ஊரைவிட்டுப் போகவில்லை.

எனக்குத் தெற்கே கரிசல் பக்கம் மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு முன்னால் அக்காவைப் பார்க்கப் போனேன். அந்த ரெண்டு வரிசையின் பொடி விதை என் பங்குக்கு ஒரு கைப்பிடி இருந்தது. அதைத் துணியில் முடிந்து அவர் கையில் கொடுத்தேன். "இதைப் போட்டுப் பெருக்குங்கக்கா. பாக்க நல்லா இருக்காது, ஆனா இது தாங்கும். மூலை வெதையை மட்டும் மானாவாரியில போட்டுடாதீங்க. அது தண்ணி குடிச்சு வளந்தது. கேக்குதா?" என்றேன்.

"சரிங்கம்மா" என்று தலையை ஆட்டினார். எனக்கு அந்தத் தலையாட்டல் தெரியும். டாக்டரிடம் ஆட்டுவது, கோயிலில் குருக்களிடம் ஆட்டுவது, வீட்டுக்கு வந்ததும் அவரவர் நினைத்ததைச் செய்வது. நானும் என் அம்மாவிடம் அப்படித்தான் ஆட்டுவேன். இன்னொரு தடவை சொன்னேன். இன்னொரு தடவை ஆட்டினார்.

அடுத்த ஆவணியில் கரிசல் மண்ணில் வேறு என்னவோ பயிரைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வேலையில் கை ஓடவில்லை. பேப்பரில் வடாற்காடு மாவட்டத்து மழைச் செய்தியைத்தான் முதலில் தேடினேன். மழை இல்லை. மறுநாளும் இல்லை. மேகம் வந்துவிடுமோ என்று பயந்தவள் இப்போது இருநூறு மைலுக்கு மேல் தள்ளி உட்கார்ந்துகொண்டு அந்த ஊருக்கு மேகம் வராதா என்று ஏங்கினேன். ஒரு வாரம் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

கொல்லையைப் பாதையிலிருந்தே பார்த்தேன். மல்லாட்டையே போடவில்லை. மொத்த நிலத்திலும் மொச்சை, குத்துச்செடி, வரிசை பிடித்த மாதிரி. ஒரு செடி விடாமல் இலை துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது. மூலை விதைதான், கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அக்கா வரிசைக்கு நடுவில் குடத்தோடு நின்றிருந்தார். அவர் புருஷன் கிணற்றில் வாளியை விட்டு இழுத்துக்கொண்டிருந்தார். வாளி மேலே வர ரொம்ப நேரம் ஆயிற்று, வந்தபோது அரை வாளிதான் இருந்தது.

"அந்தப் பொடி வெதை எங்கேக்கா?" இதுதான் நான் முதலில் கேட்டது. நலம் விசாரிக்கக்கூட வாய் வரவில்லை.

"எது, அந்தக் கறுப்பா இத்துனூண்டு இருந்துச்சே, அதுவா? அதை யாரும்மா வெதைப்பாங்க? கொழம்புல போட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "ருசியாத்தான் இருந்துச்சு" என்றார்.

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. நான் சொன்னேனா இல்லையா, எத்தனை தடவை சொன்னேன், தலையைத் தலையை ஆட்டினீர்களே என்று ஆரம்பித்தேன். அக்கா தடுக்கவில்லை. "சொன்னீங்க. ஒத்துக்கறேன். ஆனா நான் கண்ணால பாத்தேன்ல, அது காய்ச்சதை? இது புரட்டாசியில காய்ச்சுடும், நீ எங்கியும் போவாதேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேம்மா. அவரும் சரின்னு இருந்துட்டாரு. தெருவுல எல்லா ஆம்பளைங்களும் போய்ட்டாங்க, இவரு மட்டும் இதை நம்பி இருக்காரு. இது போச்சுன்னா நாளைக்கே கிளம்பிடுவாரு" என்றார்.

புருஷன்காரர் கிணற்றடியிலிருந்து எங்கள் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்து அந்த நசுங்கின விரல் கையைத் தூக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடி வாளியை இறக்கினார்.

அக்கா இடுப்பிலிருந்த குடத்தைச் சாய்க்கப் போனார். சாய்க்காமல் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். கிண்டல் இல்லை, குத்தல் இல்லை. நிஜமாகவே என்னிடம் அனுமதி கேட்டார்.

"இப்ப ஊத்தலாமாம்மா?"

"ஊத்துங்கக்கா" என்றேன். செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டு, கிணற்றடியில் கிடந்த இன்னொரு குடத்தை எடுத்துக்கொண்டேன். ஒரு ஏக்கருக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும், அந்தக் கிணற்றில் எவ்வளவு ஊறும் என்றெல்லாம் கணக்குப் போடத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஒரு செடிக்கு ஒரு கை அளவாக, பொழுது சாயும்வரைக்கும் மூன்று பேரும் ஊற்றினோம். போதாது என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை.